முன்சில்லு ஆடியதற்குக் காரணம் நானாம்

பெற்றோல் வரிசைகள் முடிந்த மறுவருடம், மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு என்னுடைய ஸ்கூட்டரின் ஹாண்டில் முதன்முறையாக நடுங்கியது. இவ்வளவு திட்டமாகச் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில், ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வழக்குத் தவணைகளை எழுதிவைப்பது என் வேலை. எந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்த நாள் என்பதை நான் பிழையாக எழுதினால் ஒருவருடைய காணி போகும், இன்னொருவருடைய பிணை போகும். அந்தப் பழக்கத்தில் வீட்டு விஷயங்களையும் நாளும் நேரமும் போட்டுத்தான் எழுதுவேன். அந்த நாட்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கோபம் நினைவை ஊதிப் பெருப்பிக்கும் என்பார்கள். என் கோபத்துக்கு ஊதல் தேவைப்படவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து மரீன் டிரைவ் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டிப் பக்கம் வீதி கொஞ்சம் வெறுமையாக இருந்ததால் வேகம் ஐம்பதைத் தொட்டது. முன்னால் ஒரு முச்சக்கரவண்டி மெதுவாக்க, நானும் அக்சலேட்டரைத் தளர்த்தினேன். நாற்பத்தைந்துக்கு இறங்கியதும் ஹாண்டில் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. வேகம் காட்டும் முள்ளு முப்பத்தைந்துக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்திக் கையைப் பார்த்தேன். கை நடுங்கவில்லை. பின்னால் நடந்தவற்றை நினைக்கும்போது, அந்த நிமிடத்தில் கையைப் பார்த்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. பழியை முதலில் என்னிடம் தேடியவள் நானேதான்.

அடுத்த மூன்று நாளும் வேலைக்குப் போகையிலும் வருகையிலும் கவனித்து எழுதினேன். பிரேக் பிடித்தால் ஆடவில்லை, வேகம் தானாகக் குறையும்போதுதான் ஆடியது. முன் கொக்கியில் பை தொங்கினாலும் தொங்காவிட்டாலும் ஆடியது. மழை, வெயில் வித்தியாசமில்லை. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கைக்குள் அமுங்கிவிடும். ஆனால் காலிமுகத்திடல் வருவதற்குள் மணிக்கட்டு நோகும். சாதாரணமாகப் பிடித்தால் வெளியே தெரியும். இவை எல்லாவற்றையும் அரைத்தாளில் இலக்கமிட்டு எழுதினேன். கடைசி வரியாக, “முன் டயர் புதியது, ஆகவே டயர் காரணமல்ல” என்றும் எழுதினேன். அந்த வரியை மறைக்காமல் இங்கே பதிகிறேன். அது என் பிழை.

டயர் புதியதுதான். ஹாண்டில் ஆடுவதற்கு இரண்டு நாள் முந்தி, ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் அம்மாவைப் பார்க்கப் போனபோது முன்சில்லில் ஆணி ஏறி, பழைய டயர் தேய்ந்தும் இருந்ததால், அங்கேயே ஒரு டயர் கடையில் மாற்றினேன். அன்று வாகன நெரிசலில் ஊர்ந்துதான் வீடு வந்தேன். திங்கள் பௌர்ணமி, போயா விடுமுறை. செவ்வாய்தான் வண்டி முதன்முதலில் வேகம் கண்டது. இரண்டு செய்திகளும் நாட்குறிப்பில் அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தன. நான் சேர்த்து வாசிக்கவில்லை.

சனிக்கிழமை ஸ்கூட்டரைச் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். என் கணவரும் கூட வந்தார். அவருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓடத் தெரியாது, லைசன்சும் கிடையாது. வரும்போது பக்கத்துச் சந்தையில் மீன் வாங்கலாம் என்றுதான் வந்தார். ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகம் அவருடைய பெயரில் இருந்தது. லீசிங் எடுத்தபோது, மாதாமாதம் கட்டப்போவது என் சம்பளம் என்று தெரிந்தும், கணவர் பெயரில் எடுத்தால் கடதாசி வேலை சுலபம் என்று சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

மேற்பார்வையாளர் மரியாதையான மனிதர். கதிரை தந்தார். நான் அரைத்தாளை நீட்டினேன். அதை வாங்கி, எழுத்து இருந்த பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் வைத்துவிட்டு, என் கணவரைப் பார்த்துச் சிங்களத்தில், சேர், வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். எத்தனை வேகத்தில், எப்போது, எப்படி என்று முழுவதும் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவர் மறுபடியும் கணவரிடம் திரும்பி, சேருக்கு ஓடும்போதும் இப்படி ஆடுகிறதா என்று கேட்டார்.

“நான் ஓடுறேல்லை. அவதான் ஓடுறவ,” என்றார் கணவர், தமிழும் கடைச் சிங்களமும் கலந்து.

மேற்பார்வையாளரின் முகத்தில் விடை கிடைத்துவிட்ட நிம்மதி தெரிந்தது. பரிசோதகர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையின் முனைவரை போய்த் திரும்பி வந்தார். அந்த ஒழுங்கையில் நிறுத்திய வாகனங்களுக்கு நடுவே முப்பதுக்குமேல் எந்த வண்டியும் போகாது. அவர் ஹாண்டிலை மாட்டின் கொம்பைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். ஒன்றும் இல்லை என்றார். நாற்பத்தைந்தில் ஓடிப் பார்க்கவேண்டும், கையைத் தளர்த்திப் பார்க்கவேண்டும் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் சிரித்தபடி தலையசைத்தார்கள். செயினில்லாத வண்டிக்குச் செயினை இறுக்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நான் சீற்றுக்குக் கீழே மழைக்கோட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர், வேலை விபரம் எழுதிய ஜொப் கார்டை என் கணவரிடம் நீட்டினார். அவர் கையெழுத்து வைத்து, பிரதியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். நாங்கள் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வண்டி வழியெல்லாம் ஆடியது.

திங்கட்கிழமை மாலை கணவரின் தமையன் வந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நான் ஸ்கூட்டர் ஓடுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். காலி வீதியில் ஒரு பெண் ஸ்கூட்டரோடு பஸ்ஸுக்குக் கீழே போனதைத் தன் கடை வாசலிலிருந்து பார்த்தவர். ஆனால் அதே வீதியில் விழுந்த ஆண்களையும் அவர் பார்த்திருக்கிறார். அதற்காகத் தன் தம்பியையோ மகனையோ எதையும் விடச் சொன்னதில்லை.

வண்டி ஆடும் கதை அவருக்கு எட்டியிருந்தது. சேர்விஸ்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். கணவர் கடதாசியை எடுத்து நீட்டினார். அது சிங்களத்தில் கையால் எழுதியிருந்தது. கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து வேலைக்காகக் கொழும்பு வந்தவர். சிங்களம் கதைப்பார், விலை பேசுவார், பஸ் பலகையைத் தாண்டி வாசிக்கமாட்டார். தமையனும் அப்படியே.

“பிள்ளை, நீர்தானே கோட்டுச் சிங்களமெல்லாம் வாசிக்கிறனீர். இதில என்ன கிடக்கெண்டு ஒருக்கா சொல்லும்,” என்றார் அவர்.

நான் வாங்கி வாசித்தேன். முதலில் மனதுக்குள். பிறகு, அலுவலகத்தில் கட்சிக்காரர்களுக்கு ஆவணங்களைத் தமிழில் சொல்லும் அதே குரலில், ஒரு சொல்லும் விடாமல்: “ஓட்டுபவர் பெண். ஹாண்டிலைச் சரியாகப் பிடிப்பதில்லை. வண்டியில் குறை எதுவும் இல்லை. உரிமையாளருக்கு விளக்கப்பட்டது, அவர் ஏற்றுக்கொண்டார்.” அதற்குக் கீழே என் கணவரின் கையெழுத்து, வங்கிக் காசோலையில் வைப்பதுபோல் நிதானமாக, இரண்டு புள்ளியோடு.

தமையன் கடதாசியை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “பாத்தீரோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஸ்கூட்டர்காரனே எழுதிப்போட்டான்,” என்றார். தன்னுடைய கடைக்கு வரும் ஒருவர் மகளுக்கு ஸ்கூட்டர் தேடுகிறார் என்றும், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், நல்ல விலை வரும் என்றும் சொன்னார். என்னைத் தன் வான் வண்டியில் புதுக்கடையில் இறக்கிவிடுவாராம். அவர் அந்தப் பக்கம் போகாத நாளில் பஸ் இருக்கிறதாம். ஏழு வருடமாக நான் நினைத்த நேரத்துக்குப் புறப்பட்டு, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடினால் யாரிடமும் கேட்காமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தவள். அதையெல்லாம் ஒரு கடதாசியின் மூன்றரை வரி முடித்துவைக்கப் பார்த்தது. விற்பதற்கு என் சம்மதமும் தேவையில்லை. புத்தகத்தில் இருக்கிற பெயருக்குரியவர் ஒரு கையெழுத்து வைத்தால் போதும். அவர்தான் கையெழுத்து வைப்பதில் தாராளமானவர் ஆயிற்றே.

தமையன் போனபிறகு கேட்டேன்.

“என்னத்துக்குக் கீழ கையெழுத்து வச்சனீங்கள்?”

“வண்டி எடுக்கிறதுக்கெண்டு நினைச்சன்.”

“வாசிச்சனீங்களா?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு உமக்குத் தெரியும்தானே.”

“எனக்குத் தெரியும். நாலடி தள்ளித்தான் நான் நிண்டனான். ஒருக்கா கூப்பிட்டிருக்கலாம்.”

 “அவன் பேனையை நீட்டிப்போட்டு நிண்டான். அவனுக்கு முன்னால என்னெண்டு மனுசியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்றது?”

எவ்வளவு நேர்மையான பதில். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. தனக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது என்பது ஒரு அந்நியனுக்குத் தெரியாமலிருக்க, என் கைக்கு வண்டி பிடிக்கத் தெரியாது என்பதற்கு இந்த மனிதர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதுக்கடையில் தினமும் பார்க்கிறேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டுப் பத்து வருடம் வழக்காடுகிறவர்களில் அரைவாசிப்பேர் வெட்கத்தால் வைத்தவர்கள். அவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குள் வந்தபோது பரிதாபம் வரவில்லை.

இரண்டு நாள் அவரோடு தேவைக்குமேல் பேசவில்லை. அந்த இரண்டு நாளிலும் ஸ்கூட்டரோடு தந்த கைநூலை அட்டை தொடங்கி அட்டைவரை வாசித்தேன். முன்பக்கம் ஆடுவதற்கு அது சொன்ன காரணங்கள் சில. ஓட்டுபவர் பெண் என்பது அதில் இல்லை. வியாழக்கிழமை ஆறு மணிக்கு, எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கணவரைக் கூப்பிட்டேன்.

“என்ன செய்யவேணும்?” என்றார்.

“பின்சீற்றின்ர விளிம்பில இருங்கோ. அவ்வளவுதான்.”

அவர் இருந்ததும் பாரம் பின்னால் சாய்ந்து முன்சில்லு நிலத்திலிருந்து நான்கு விரல் எழும்பியது. முதலில், சில்லைத் தாங்கும் முன்கால்கள் இரண்டையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினேன். ஹாண்டில் கழுத்தில் பெயரிங் தளர்ந்திருந்தால் அங்கே ஒரு தட்டல் கேட்கும். கேட்கவில்லை. ஹாண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலமாகத் திருப்பினேன். எங்கும் சிக்காமல் எண்ணெயில் போவதுபோல் போனது. சில்லை இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தேன். அசையவில்லை. மிஞ்சியது ஒன்றுதான், நான் “காரணமல்ல” என்று எழுதி ஒதுக்கிவிட்ட டயர்.

மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, முன்காலில் றப்பர் பட்டியால் கட்டினேன். அதன் நுனி டயரின் ஓரத்துக்கு ஒரு தாள் இடைவெளியில் நிற்கும்படி வளைத்தேன். சில்லைக் கையால் சுழற்றினேன். டயர் வட்டமாக இருந்தால் நுனி அதைத் தொடக்கூடாது.

டிக். கொஞ்சம் அமைதி. மறுபடியும் டிக். ஒரு சுற்றுக்கு ஒரு தரம், அதே இடத்தில்.

“அது என்ன சத்தம்?” என்று பின்சீற்றிலிருந்து கேட்டார். நான் சொல்லவில்லை. போன் வெளிச்சத்தைப் பிடித்துச் சில்லை மெதுவாகத் திருப்பினேன். ஒவ்வொரு டயரிலும் ரிம்முக்குச் சற்று வெளியே மெல்லிய கோடு ஒன்று சுற்றிவர ஓடும். டயர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடும் ரிம்மும் எங்கும் ஒரே இடைவெளியில் இருக்கும். என்னுடையதில், ஒரு சாண் நீளத்துக்குக் கோட்டையே காணவில்லை. அது ரிம்முக்குள் அமிழ்ந்திருந்தது. அதற்கு நேர் எதிரே டயர் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்பது நாளாக முட்டை வடிவச் சில்லில் நான் வேலைக்குப் போயிருக்கிறேன். அதை வந்து பார்க்காமலே ஒருவர் என் கையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கணவரை இறங்கச் சொல்லி, குனிந்து பார்க்கச் சொன்னேன். நீண்ட நேரம் பார்த்தார். “சத்தியமா இது உம்முடைய கையில்லை,” என்றார். எனக்கு அதைச் சொல்ல அவர் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அலுவலகத்திலிருந்து நேரே கொட்டாஞ்சேனை டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும், டயர் பூப்போல ஓடுதா மிஸ் என்று கேட்டார். ஆடுகிறது என்றேன்.

“மிஸ், நான் இருவது வருசமா டயர் போடுறேன். நான் போட்ட டயர் ஆடாது. ரோட்டு ஆடும், வண்டி ஆடும், ஓட்டுறவங்க ஆடுவாங்க.”

“அப்ப இந்தக் கோடு எங்க போச்சு?” என்று விரலை வைத்துக் காட்டினேன்.

குனிந்தார். சில்லைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். அவரைப்பற்றி ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும்: கண்ணால் கண்டபிறகு அவர் ஒரு சொல்லும் வாதாடவில்லை. அன்று ஞாயிறு, பூசை முடிந்து கூட்டம், சவர்க்காரத் தண்ணீர் பூசாமல் ஏற்றிவிட்டேன் போல என்றார். காற்றை முழுவதும் இறக்கினார். ரிம்மின் ஓரம் சுற்றிவரச் சவர்க்காரத் தண்ணீர் பூசினார். பிறகு காற்றை அடிக்க அடிக்க டயர் முனகியது. கடைசியில் துவக்கு வெடித்ததுபோல் ஒரு சத்தத்தோடு இடத்தில் போய் உட்கார்ந்தது. கோடு முழு வட்டமாக வெளியே வந்தது. கூடின காற்றை அளவுக்கு இறக்கிவிட்டு, “என் பெழைதான் மிஸ்,” என்றார்.

அந்த வாரத்தில் பிழையைத் தன்னுடையது என்று சொன்ன ஒரே ஆண் அவர். காலிமுகத்திடல் தாண்டி மரீன் டிரைவில் ஐம்பதுக்கு ஏற்றி, அக்சலேட்டரை விட்டு, கையைத் தளர்த்தினேன். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பத்தைந்து. ஹாண்டில் அசையவில்லை.

சனிக்கிழமை காலை ஜொப் கார்டோடு சேர்விஸ் நிலையத்துக்குப் போனேன், தனியாக. டயரில்தான் குறை இருந்தது, திருத்தியாயிற்று, இந்த வரியை வெட்டி உண்மையை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். மேற்பார்வையாளர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிஸ்ஸுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது என்றார். அவர் வருத்தப்பட்டது அதற்குத்தான். நான் அவரோடு ஒரு மணித்தியாலம் சிங்களத்தில் பேசியிருக்கிறேன். ஆனால் கணவரோடு தமிழில் கதைத்தவளுக்கு எழுத்துத் தெரியாது என்று அவரே முடிவுகட்டியிருக்கிறார். வாசிக்கமாட்டாள் என்ற துணிவில் எழுதியது அந்த வரி.

மனதில் வைக்கவேண்டாம், ஒருமுறை இலவசமாகக் கழுவித் தருகிறோம் என்றார். வண்டி சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். முடித்த கார்டில் கைவைக்க முடியாது என்றார். அப்படியானால் கீழே எழுதுவோம் என்று நானே பேனையை எடுத்து, திகதியிட்டு, சிங்களத்தில் எழுதினேன்: “முன் டயர் ரிம்மில் சரியாகப் பொருந்தவில்லை. குறையைக் கண்டுபிடித்தவர் ஓட்டுபவர்.” கையெழுத்துக் கேட்டேன். அவர் முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிறிதாக ஒரு கையெழுத்து வைத்தார். இரண்டாவது வாக்கியம் தனக்குத் தெரியாத விஷயம் என்றார். அந்தக் கார்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்துக்குப் பக்கம் இன்றைக்கும் வெறுமையாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தமையன் வந்தார். வாங்க வந்தவரும் கூட வந்தார். பெயர் மாற்றும் படிவத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். டயர்க் கதையைக் கணவர் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. தமையன் கதிரையில் அமர்ந்ததும் வந்தவரிடம், “வண்டியில இப்ப ஒரு குறையும் இல்லை. தம்பி இருந்து பார்த்துக் கண்டுபிடிச்சுப் போட்டான்,” என்றார்.

தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தேன். தட்டை வைத்துவிட்டு வாயைத் திறக்கப்போனேன். கணவர் முந்திக்கொண்டார்.

“நான் பின்சீற்றில இருந்தனான். கண்டுபிடிச்சது அவ.”

“சரி, ஆரோ கண்டுபிடிச்சது. இப்ப கையெழுத்தை வை.”

“விக்கேல்லை, அண்ணை.”

வந்தவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமையனின் குரல் இறங்கியது. “புத்தகம் உன்ர பேரிலதானே இருக்கு. நீதானே முடிவெடுக்கவேணும். நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?”

“என்ர பேரில இருக்கிறபடியால்தான் சொல்றன். விக்கேல்லை.”

அவர்கள் போனபிறகு கணவர் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். ஏதோ ஒன்றை எனக்குத் தந்துவிட்டவரின் சிரிப்பு. அவர் நல்லதைத்தான் செய்தார், மறுக்கவில்லை. தமையனுக்கு முன்னால் அப்படிப் பேசியது அவருக்குச் சுலபமாகவும் இருந்திருக்காது. ஆனால் நான் ஓடுகிற, நான் லீசிங் கட்டி முடித்த, நான் குறை கண்டு திருத்திய வண்டி என்னிடம் இருப்பது ஒருவருடைய நல்ல மனதில் தங்கியிருக்கக்கூடாது. அவருக்கு ஒரு ஞாயிறு நல்ல மனது இருந்தது. அடுத்த ஞாயிறு தமையன் வேறு கதையோடு வரலாம்.

மேசையில் அவர்கள் விட்டுப்போன பெயர் மாற்றும் படிவம் கிடந்தது. வாங்குபவரின் பெயர் எழுதும் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. அதை இழுத்து எடுத்து, என் முழுப்பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதினேன்.

“நாளைக்கு நான் அரைநாள் லீவு போட்டிருக்கிறன்,” என்றேன். “நீங்களும் போடுங்கோ.”